நாற்பது வைஃபை தெரியும் கட்டடத்தில் நம் வீட்டு வேகம்: வாசகர் கேள்வி-பதில்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வைஃபை படுத்தும் பாட்டை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எட்டு மாடிக் கட்டடத்தில் ஐந்தாவது மாடி எங்கள் வீடு. 200 எம்பிபிஎஸ் பிளான். போனில் சிக்னல் கோடுகள் முழுசாக இருக்கின்றன. பகலில் பிரச்சினை இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு "லைன் சரியாத்தான் சார் இருக்கு" என்கிறார். யாரிடம் தவறு?
வாசகர், பெரும்பாக்கம்

அவர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம், உங்கள் புகாரும் உண்மையாக இருக்கலாம். வீட்டு வாசல் வரை வரும் ஃபைபர் ஒன்று. ரவுட்டரிலிருந்து போன் வரை காற்றில் போகும் வழி வேறொன்று. இரண்டில் எது கெட்டிருக்கிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

இரவு ஒன்பது மணிக்கு, தொல்லை நடக்கும்போதே, லேப்டாப்பை லேன் கேபிளால் ரவுட்டரில் சொருகி வேகம் பாருங்கள். 190க்குப் பக்கத்தில் வந்தால் லைன் மீது குற்றமில்லை. அடுத்து கேபிளை எடுத்துவிட்டு வைஃபையில் இணைந்து, விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1, ரவுட்டருக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும்) பிங் (ping) கொடுங்கள். பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் கட்டளை அது. கடைசியில் '-t' சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெட்டிக்கு 2 முதல் 5 மில்லிசெகண்டில் பதில் வரவேண்டும். அது 150, 300 என்று எகிறினாலோ, இடையிடையே பதிலே வராமல் போனாலோ, நெரிசல் காற்றில் இருக்கிறது. ரவுட்டருக்கு 3 மில்லிசெகண்ட் நிலையாக இருந்து, 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கு மட்டும் எகிறினால், கம்பெனியிடம் மறுபடி புகார் கொடுங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் காற்று நெரிசல்தான் என்று தோன்றுகிறது. சிக்னல் கோடுகள் உங்கள் ரவுட்டர் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். ரவுட்டர் பயன்படுத்தும் அலைவரிசையில், அதாவது சேனலில், பேச உங்களுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதைக் காட்டாது. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்கும். மாடிவீட்டு ரவுட்டரும் பக்கத்துவீட்டு டிவியும் உங்கள் சேனலில் இருந்தால் அவையும் அந்த வரிசையில்தான் நிற்கின்றன. பகலில் அவர்கள் ஆபீஸில் இருக்கிறார்கள். எட்டு மணிக்கு எல்லோரும் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

யாரும் எதுவும் பார்க்காத நேரத்திலும் நேரம் செலவாகிறது. ஒவ்வொரு வைஃபை பெயரும் 'நான் இருக்கிறேன்' என்று நொடிக்குச் சுமார் பத்து முறை அறிவிப்பு அனுப்பும். இதற்கு பீக்கன் என்று பெயர். வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைப் பகுதிகளில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸில் பல ரவுட்டர்கள் இந்த அறிவிப்பை 1 எம்பிபிஎஸ் என்ற மிகப் பழைய வேகத்தில்தான் அனுப்புகின்றன. 300 பைட் அறிவிப்புக்கு 2.6 மில்லிசெகண்ட் போய்விடும். நொடிக்குப் பத்து என்றால் 26 மில்லிசெகண்ட். ஒரே சேனலில் பத்து பெயர்கள் இருந்தால் கால்வாசி நேரம் அறிவிப்புக்கே சரியாகிவிடும். விருந்தினருக்கென்று தனிப் பெயர், எக்ஸ்டெண்டருக்கு (சிக்னலை வாங்கித் திரும்பப் பரப்பும் பெட்டி) ஒரு பெயர் என்று நாம் சேர்க்கும் ஒவ்வொன்றும் இந்தக் கணக்கை ஏற்றுகிறது. பயன்படாத கெஸ்ட் நெட்வொர்க்கை இன்றைக்கே அணைத்துவிடுங்கள்.

அடுத்த வேலை, வீடியோ பார்க்கும் கருவிகள் அனைத்தையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது. டிவி, லேப்டாப், போன் எல்லாமே. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் சில டிவிகள் 2.4ஐயே பிடித்துத் தொங்கும். அப்போது 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுத்து, டிவியில் பழைய பெயரை 'மறந்துவிடு' என்று அழித்துவிட்டு புதியதில் சேருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டத் திணறும் என்பது குறையாகத்தான் சொல்லப்படுகிறது. அடுக்குமாடியில் அதுவே பெரிய நன்மை: பக்கத்து வீட்டுக்காரரின் அலையும் உங்கள் சுவரைத் தாண்டத் திணறும்.

2.4ஐ முழுவதும் விட முடியாதவர்கள் ரவுட்டர் அமைப்பில் அதன் 'மோட்' பகுதிக்குப் போய் பி/ஜி/என் என்பதை ஜி/என் என்று மாற்றிப் பாருங்கள். பல ரவுட்டர்களில் இதைச் செய்தால் பீக்கனின் வேகம் 1லிருந்து 6 எம்பிபிஎஸ்ஸுக்கு ஏறி, அறிவிப்புக்குப் போகும் நேரம் ஆறில் ஒன்றாகக் குறையும். மிகப் பழைய பிரிண்டர் ஏதாவது அறுந்துபோனால் மட்டும் பழையபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

வைஃபை அனலைசர் ஆப் போட்டுப் பார்த்தேன். 1, 6, 11 மூன்றிலும் ஏகப்பட்ட கூட்டம். நடுவில் 3ஆம் சேனலில் ஒருவரும் இல்லை. அதை வைத்தேன். முன்பைவிட மோசமாகிவிட்டதே, ஏன்?
வாசகி, வேளச்சேரி

ஆப்பில் காலியாகத் தெரியும் அந்த 3 காலி இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் எண்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு ரவுட்டர் பேச 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். அதனால் 3ஆம் சேனலில் பேசுகிறவர் 1இல் பாதியிலும் 6இல் கொஞ்சத்திலும் உட்கார்ந்திருக்கிறார். ஒன்றோடொன்று உரசாதவை 1, 6, 11 மூன்றுதான்.

இதில் கவனிக்கவேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. ஒரே சேனலில் இருக்கும் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன் பேச்சை மற்றொன்று புரிந்துகொள்ளும். மைனஸ் 82 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு; மைனஸுக்குப் பின் வரும் எண் சிறிதானால் பலம் அதிகம்) என்ற மெல்லிய சத்தத்திலேயே 'அவர் பேசுகிறார், முடியட்டும்' என்று நின்றுவிடும். அரைகுறையாக மேலேறும் சேனலில் வருவதைப் புரிந்துகொள்ள முடியாது. வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். இரைச்சலுக்கு ஒதுங்கி நிற்கும் எல்லை மைனஸ் 62 டிபிஎம். அதைவிட மெல்லியதாக இருந்தால் பொருட்படுத்தாமல் குறுக்கே பேசிவிடும். இரண்டு பேச்சும் சிதையும், இருவரும் திரும்ப அனுப்பவேண்டும். ஒரே மொழி தெரிந்த பத்துப் பேர் இருக்கும் அறையில் முறைவைத்துப் பேசலாம். மொழி தெரியாத ஒருவர் இடையில் கத்தினால் எல்லோருக்கும் கெடும். நீங்கள் 3க்குப் போனதால் உங்களுக்கும் நஷ்டம், 1இலும் 6இலும் இருக்கும் அத்தனை வீடுகளுக்கும் நஷ்டம்.

ஆகவே மூன்றில் ஒன்றுக்குத் திரும்புங்கள். எதை எடுப்பது என்பதற்குப் பெயர்களை எண்ணினால் மட்டும் போதாது, பலத்தையும் பாருங்கள். மைனஸ் 85இல் தெரியும் ஆறு பெயர்களைவிட மைனஸ் 50இல் தெரியும் இரண்டு பெயர்கள் அதிக நேரத்தைத் தின்னும். ரவுட்டர் பக்கத்தில் நின்று மட்டும் பார்க்காமல், நீங்கள் உட்கார்ந்து பார்க்கும் இடத்திலும் இரவு ஒன்பது மணிக்குப் பார்த்து முடிவுசெய்யுங்கள். சேனல் அகலத்தை 20 என்று நிறுத்துங்கள். 40 அல்லது 'ஆட்டோ' என்று இருந்தால், இருக்கும் மூன்று இடத்தில் இரண்டை நீங்களே எடுத்துக்கொள்கிறீர்கள்.

சேனலையும் ஆட்டோவில் விடாமல் எண் கொடுத்துப் பூட்டிவிடுவது நல்லது. விலை குறைந்த ரவுட்டர்கள் பலவும் கரண்ட் வந்து உயிர்பெறும்போது மட்டும்தான் சேனல் தேடும். கட்டடத்துக்கே கரண்ட் போய் வந்தால் எல்லா ரவுட்டர்களும் ஒரே நேரத்தில் கண் விழிக்கும். அந்த நிமிடத்தில் எந்தச் சேனலிலும் ஆள் இல்லை என்று தோன்றும். பல வீடுகள் ஒரே சேனலில் போய் விழுந்து, அடுத்த முறை அணைத்துப் போடும்வரை அங்கேயே கிடக்கும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு: அந்த மாதிரி ஆப்கள் ஐபோனில் வேலை செய்யாது. ஆப்பிளின் 'ஏர்போர்ட் யூட்டிலிட்டி' ஆப்பை இறக்கி, போனின் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கான பக்கத்தில் வைஃபை ஸ்கேனரை இயக்கினால் சேனலும் டிபிஎம்மும் தெரியும்.

மூன்று பெட்ரூம் பிளாட். ஹாலில் டிவிக்குப் பின்னால் ரவுட்டர். ஹாலில் 5 கிகாஹெர்ட்ஸ் பறக்கிறது, கடைசி பெட்ரூமில் சுத்தமாக இல்லை. அங்கே ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கி மாட்டினேன். சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, வேகம் மட்டும் 8, 10க்கு மேல் வரவில்லை. இரண்டாயிரம் ரூபாய் வீணா?
வாசகர், சரவணம்பட்டி, கோவை

எக்ஸ்டெண்டரை மாட்டிய இடம்தான் தவறு. சிக்னல் இல்லாத அறையில் அதை வைத்தால் அதற்கும் சிக்னல் கிடைக்காது. எக்ஸ்டெண்டருக்கும் உங்கள் போனுக்கும் இடையே உள்ள பலத்தைத்தான் கோடுகள் காட்டுகின்றன. அதற்கும் ரவுட்டருக்கும் இடையே என்ன நிலை என்று உங்களுக்குத் தெரிவதில்லை. ரவுட்டரின் சிக்னல் மைனஸ் 60 முதல் 65 டிபிஎம் வரை கிடைக்கும் இடம், பெரும்பாலும் நடுவழி, அதற்குச் சரியான இடம். அப்படி வைத்தாலும் ஒரே ரேடியோ உள்ள எக்ஸ்டெண்டர் கேட்டதையே திரும்ப அதே சேனலில் சொல்லவேண்டியிருப்பதால் வேகம் பாதியாகும். நெரிசலான கட்டடத்தில் ஒவ்வொரு பொட்டலமும் (பாக்கெட், அதாவது டேட்டாவின் சிறு துண்டு) இரண்டு முறை வரிசையில் நிற்கிறது.

முதலில் ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுங்கள். டிவியின் பின்பக்க உலோகத் தகடு அலையை மறைக்கும். ஷூ ரேக், மின்சார டிபி பெட்டி இருக்கும் அலமாரி, பீரோவின் தலை, ஃபிரிட்ஜின் பக்கம், பெரிய கண்ணாடிக்குப் பின்புறம் எதுவும் வேண்டாம். ஆளுயரத்தில், கதவுகள் நேர்கோட்டில் தெரியும் நடைவழிச் சுவரில் மாட்டினாலே பல வீடுகளில் ஒரு அறை கூடுதலாகக் கிடைக்கும். ரவுட்டரில் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் சொருகியிருந்தால் அதையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். யூஎஸ்பி 3 கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும்.

உங்கள் கட்டடம் அண்மையில் கட்டியதா? மைவான் எனப்படும் அலுமினியப் பலகை அச்சில் கட்டும் உயரக் கட்டடங்களில் செங்கல்லே கிடையாது. அறைக்கு அறை இருக்கும் சுவரும் கம்பிவலை வைத்த கான்கிரீட். ஆணி அடித்தால் இறங்காது, டிரில் போட்டால் சாம்பல் நிறத்தில் தூள் வரும்; செங்கல் சுவரில் சிவப்பாக வரும். சாம்பல் தூள் வந்தால், ரவுட்டரை எங்கே நகர்த்தினாலும் இரண்டு சுவர் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் போகாது என்று முடிவுகட்டிவிடலாம்.

அங்கே வேலை செய்வது ஒன்றுதான்: கேபிள். கடைசி பெட்ரூமுக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து அங்கே இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகத் தரும் பெட்டியாக) வைப்பது. காற்றைத் தொடாமல் அந்த அறைவரை போய்விடுவதால் வேகம் குறையாது. வீட்டில் கிடக்கும் பழைய இரண்டு பேண்டு (2.4, 5 இரண்டும் உள்ள) ரவுட்டரே போதும், புதிதாக வாங்க அவசியமில்லை.

ஹாலிலிருந்து பெட்ரூமுக்கு டிவி கேபிளுக்கென்று பில்டர் பைப் போட்டிருப்பார். பயன்படாத அந்தக் கேபிளின் நுனியில் லேன் கேபிளை டேப் சுற்றி இறுகக் கட்டி, மறுமுனையிலிருந்து ஒருவர் இழுக்க இங்கிருந்து ஒருவர் தள்ளிவிட்டால் பெரும்பாலும் வந்துவிடும். வளைவில் சிக்கினால் பலம் கொடுத்து இழுக்காதீர்கள். பின்னால் வாங்கி, கேபிளில் சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி இழுங்கள். 230 வோல்ட் ஒயர் போகும் பைப்பில் லேன் கேபிளை ஒருபோதும் விடக்கூடாது. பைப்பே இல்லையென்றால் தட்டையான கேட் 6 கேபிளைத் தரையோரப் பட்டியின் மேல் கிளிப் போட்டுக் கொண்டுபோகலாம்.

கேபிள் வாங்கும்போது 'முழுச் செம்பு' என்று கேட்டு வாங்குங்கள். பாதி விலைக்கு வருவது செம்பு முலாம் பூசிய அலுமினியம். கடையிலேயே ஒரு நுனியை உரித்து, கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது வளைவில் ஒடியும், கிரிம்ப் செய்த (கனெக்டரை அழுத்திப் பொருத்திய) இடத்தில் சில மாதங்களில் தளரும்.

பிறகு அமைப்பு. இரண்டாவது ரவுட்டரை லேப்டாப்பில் தனியாக இணைத்து, 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லையென்றால் கையால்: லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (முதல் ரவுட்டர் 192.168.1.1 என்ற கணக்கில்), டிஎச்சிபி சர்வரை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணையுங்கள், வரும் கேபிளை வேன் (WAN) துளையில் அல்லாமல் லேன் துளையில் சொருகுங்கள். டிஎச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு பெட்டிகளும் முகவரி கொடுக்கும். சில போன்கள் இணைந்தும் இன்டர்நெட் இல்லை என்று சொல்லும், அதுவும் மாறி மாறி நடப்பதால் காரணமே பிடிபடாது. வேன் துளையில் சொருகினால் நெட் வரும், ஆனால் பெட்ரூம் போனுக்கு ஹாலில் உள்ள பிரிண்டரும் டிவியும் தெரியாமல் போகும்.

இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு வகை. சேனல் மட்டும் வேறு: 5 கிகாஹெர்ட்ஸில் ஹாலுக்கு 36, பெட்ரூமுக்கு 149. இரண்டின் ஒலிபரப்பு பலத்தையும் 'மீடியம்' ஆக்குங்கள். முழு பலத்தில் விட்டால் பெட்ரூமுக்குப் போன பிறகும் போன் ஹால் ரவுட்டரையே பிடித்துக்கொண்டிருக்கும். வாங்கிய எக்ஸ்டெண்டரும் வீணாக வேண்டாம். அதில் லேன் துளையும் ஆக்சஸ் பாயின்ட் மோடும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இதே வேலைக்கு அதுவே ஆகும்.

300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினேன். கேபிளில் பார்த்தாலும் சரி, வைஃபையில் பார்த்தாலும் சரி, 94க்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது.
வாசகர், திருச்சி

94 என்ற எண்ணே விடையைச் சொல்லிவிடுகிறது. எங்கோ ஒரு இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே உள்ள சிறிய கேபிளை முதலில் சந்தேகப்படுங்கள். 100க்கு இரண்டு ஜோடி ஒயர் போதும். 1000க்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலம், பழுப்பு ஜோடிகளில் ஒரு ஒயர் கிரிம்ப்பில் சரியாக உட்காராவிட்டாலும் இணைப்பு அறுந்துபோகாமல் சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஓடும். அதனால்தான் பலருக்கும் மாதக்கணக்கில் தெரிவதில்லை.

கனெக்டரின் கொக்கி அடிப்பக்கம் இருக்கும்படி பிடித்து, வெளிச்சத்தில் இடமிருந்து வலமாகப் பாருங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையும் இதே வரிசை. ஒவ்வொரு ஒயரும் கனெக்டரின் முன்சுவரை முட்டியிருக்கவேண்டும். நீலமும் பழுப்பும் வெட்டிவிடப்பட்டிருந்தால் கதை முடிந்தது, புது கேபிள் மாற்றுங்கள். கேபிள் சரியாக இருந்தும் 94 என்றால் ரவுட்டரின் துளைகளே 10/100 வகை. அந்த ரவுட்டரை மாற்றாமல் 300 கிடைக்காது.

ஆறு ஆன்டெனா உள்ள 'லாங் ரேஞ்ச்' ரவுட்டர் வாங்கினால் தீருமா?
வாசகி, தாம்பரம்

தீராது. ரவுட்டர் பலமாகப் பேசினால் போனுக்கு அது கேட்கும். போன் பேசுவது ரவுட்டருக்குக் கேட்கவேண்டுமே. போனின் ஒலிபரப்பு பலம் ரவுட்டரைவிடக் குறைவு, அதை நீங்கள் கூட்ட முடியாது. அதோடு பெரும்பாலான போன்களில் இருப்பது இரண்டு ஆன்டெனாதான். முழு பலத்தில் கத்தும் ரவுட்டர் உங்கள் கடைசி அறைக்கு உதவுகிறதோ இல்லையோ, மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் போய் அவர்களைக் காக்கவைக்கும். அந்தப் பணத்தில் கேபிளும் சாதாரண ஆக்சஸ் பாயின்ட்டும் வாங்குங்கள்.

5 கிகாஹெர்ட்ஸ் பெயர் திடீரென்று மறைந்து ஒரு நிமிடம் கழித்து வருகிறது. ரவுட்டரை மாற்றியும் அப்படியே இருக்கிறது.
வாசகர், பம்மல்

ரவுட்டர் 52 முதல் 144 வரையிலான சேனல் ஒன்றில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பகுதியை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. அதனால் ரவுட்டர் அங்கே பேசத் தொடங்குமுன் 60 நொடி சும்மா இருந்து கேட்கவேண்டும். இடையில் ரேடார் போன்ற துடிப்பு கேட்டால் 10 நொடிக்குள் விலகி, அரைமணி நேரம் அந்தச் சேனலுக்குத் திரும்பக்கூடாது. உண்மையான ரேடார் இல்லாமலே ஏமாந்து விலகுவதும் உண்டு. ரவுட்டரின் 'சிஸ்டம் லாக்' பக்கத்தில் ரேடார் என்ற சொல் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

36 அல்லது 149க்கு மாற்றினால் நின்றுவிடும். ஆனால் அப்படி மறையாத வீடுகளில் இந்த நடுப்பகுதிதான் மிகக் காலியான இடம். இந்தியாவில் 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. அப்படியிருந்தும் நம் கட்டடங்களில் பெரும்பாலான ரவுட்டர்கள் 36இலோ 149இலோதான் குவிந்துகிடக்கின்றன. ரவுட்டரில் 52 அல்லது 100 தேர்வு இருந்தால் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். பழைய டிவி ஸ்டிக்குகள் சில அந்தச் சேனல்களைப் பார்க்காது. அது ஒன்றைத்தான் கவனிக்கவேண்டும்.

சிங்கப்பூரில் எச்டிபி (அரசுக் குடியிருப்பு) வீடு. ஃபைபர் வந்து முடிவது ஷெல்டர் அறைக்குள். ரவுட்டரும் உள்ளேயே. கதவைச் சாத்தினால் ஹாலில்கூட நெட் நொண்டுகிறது. சுவரில் துளை போடலாமா?
வாசகி, பொங்கோல்

போடக்கூடாது. அது பாதுகாப்பு அறை. சுவரைத் துளைத்துக் கேபிள் கொண்டுபோக அனுமதி இல்லை. தடித்த கம்பிக் கான்கிரீட்டும் இரும்புக் கதவும் சேர்ந்து வைஃபையை அடைத்துவிடும் என்பதால் ரவுட்டருக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது.

ஃபைபர் பெட்டியை மட்டும் உள்ளே விட்டு ரவுட்டரை வெளியே கொண்டுவாருங்கள். புதிய எச்டிபி வீடுகளில் ஹாலிலும் அறைகளிலும் சுவரில் லேன் புள்ளிகள் இருக்கும். அவற்றின் மறுமுனைகள் ஃபைபர் முடியும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு பலகையில் வந்து சேர்கின்றனவா என்று பாருங்கள். சேர்ந்தால், ஃபைபர் பெட்டியிலிருந்து ஹாலுக்குரிய புள்ளியில் ஒரு சிறிய கேபிள், ஹால் சுவரிலிருந்து ரவுட்டருக்கு இன்னொன்று, வேலை முடிந்தது. பழைய வீடு, புள்ளிகள் இல்லை என்றால் கதவிடுக்கு வழியாகத் தட்டைக் கேபிள். கதவு அழுத்தும் இடத்தில் கேபிள் நசுங்கினால் முன்பு சொன்ன 94 சிக்கல் வரும். வேகத்தை அவ்வப்போது சரிபாருங்கள்.

உங்கள் ஊரில் 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதி 500 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்கு ஒதுக்குவதாக 2023இல் அறிவித்துவிட்டார்கள். ரவுட்டரும் போனும் வைஃபை 6இ அல்லது 7 வகையாக இருந்தால் ஹாலில் அதைப் பயன்படுத்துங்கள். பழைய கருவிகள் அங்கே வரமுடியாது என்பதால் நெரிசல் குறைவு.

மகள் வீடியோ வகுப்பில் இருக்கும்போது நான் போனில் எடுத்த வீடியோக்கள் கிளவுடுக்கு ஏறத் தொடங்கினால் அவள் குரல் உடைகிறது. 100 எம்பிபிஎஸ் போதாதா?
வாசகர், மதுரை

போதும். ஒரு வீடியோ வகுப்புக்கு 3, 4 எம்பிபிஎஸ்தான் தேவை. ஏற்றம் முழு வேகத்தில் போகும்போது ரவுட்டருக்குள் பொட்டலங்கள் குவிந்து வரிசை நீள்கிறது. மகளின் குரல் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. ஏற்றம் ஓடும்போது 8.8.8.8க்குப் பிங் கொடுத்துப் பாருங்கள். 10இலிருந்து 300க்குப் போனால் இதுதான். ரவுட்டரில் கியூஓஎஸ் அல்லது எஸ்கியூஎம் (இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி) இருந்தால், அளந்து கிடைத்த ஏற்ற வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை எல்லையாகக் கொடுங்கள். அந்த வசதி இல்லாத ரவுட்டர் என்றால் போனில் பேக்கப்பை வகுப்பு நேரத்தில் நிறுத்திவையுங்கள். வீட்டில் வைஃபை கேமரா இருந்தால் எந்நேரமும் கிளவுடுக்கு அனுப்பாமல் மெமரி கார்டில் பதியவிட்டு, அசைவு தெரிந்தால் மட்டும் அனுப்பும்படி மாற்றுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். நீங்கள் எந்த அறையிலிருந்து ஏற்றுகிறீர்கள்? தூரத்து அறையில் போன் 6 எம்பிபிஎஸ்ஸில் தடுமாறினால் 1500 பைட் பொட்டலம் ஒன்றுக்கு 2 மில்லிசெகண்ட் எடுக்கும். ரவுட்டர் பக்கத்தில் 144இல் பேசும் கருவிக்கு அதே பொட்டலம் 0.08 மில்லிசெகண்ட். சிக்னல் இல்லாத மூலையில் இருக்கும் ஒரு கருவி வீட்டில் உள்ள எல்லோருடைய நேரத்தையும் 24 மடங்கு எடுத்துக்கொள்கிறது.

ஸ்மார்ட் பிளக் வாங்கினேன், சேரவே மாட்டேன் என்கிறது.
வாசகி, சேலம்

இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை, டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை தெரியாதவை. ரவுட்டரில் பத்து நிமிடம் 5 கிகாஹெர்ட்ஸை அணைத்து, பாதுகாப்பை டபிள்யூபிஏ2 என்று வைத்துச் சேர்த்துவிட்டு, பின்பு 5ஐ மறுபடி போடுங்கள். சேனல் 12, 13 வைத்திருந்தால் 11க்கு வாருங்கள். அமெரிக்காவுக்கென்று செய்த கருவிகள் பலவற்றுக்கு அந்த இரண்டும் தெரியாது.

எங்கள் குடியிருப்பில் ஆறு மாடி, மாடிக்கு நான்கு வீடு. எல்லாரும் புலம்புகிறார்கள். சங்கமாகச் சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா?
குடியிருப்போர் சங்கச் செயலாளர், மேடவாக்கம்

இந்தக் கேள்வி வந்ததில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. தனி ஒரு வீடு செய்யக்கூடியதைவிடப் பலமடங்கு பலன் இதில்தான் உண்டு, பத்து பைசா செலவும் இல்லை. 24 வீடும் ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தால் போதும்.

நடுவில் லிஃப்ட், சுற்றி ஏ, பி, சி, டி என்று நான்கு மூலையில் வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். 2.4 கிகாஹெர்ட்ஸில் முதல் மாடிக்கு ஏ 1, பி 6, சி 1, டி 11. ஏவும் சியும் எதிர் மூலைகள் என்பதால் ஒரே சேனல் பரவாயில்லை. இரண்டாம் மாடிக்கு 6, 11, 6, 1. மூன்றாம் மாடிக்கு 11, 1, 11, 6. நான்காவதிலிருந்து திரும்ப முதல் மாடி வரிசை. இப்படி வைத்தால் பக்கத்து வீடும் சரி, நேர் மேல், நேர் கீழ் வீடுகளும் சரி, ஒருபோதும் உங்கள் சேனலில் இருக்காது. எல்லோருக்கும் அகலம் 20.

5 கிகாஹெர்ட்ஸில் அகலத்தை 40 என்று ஒப்புக்கொண்டால் எந்த ரவுட்டரிலும் கிடைக்கும் நான்கு இடங்கள் உண்டு: 36, 44, 149, 157. ஒற்றைப்படை மாடிகளில் ஏ 36, பி 149, சி 44, டி 157. இரட்டைப்படை மாடிகளில் ஏ 149, பி 36, சி 157, டி 44. 80இலிருந்து 40க்கு இறங்கினால் ரவுட்டர் பக்கத்தில் நின்று வேகம் பார்ப்பவருக்கு எண் குறையும்; சிலர் இதற்கு மறுப்பு சொல்வார்கள். இரண்டு ஆன்டெனா போனுக்கு 40இல் இணைப்பு வேகம் 400. அதில் பாதி கைக்குக் கிடைத்தாலும் 200. இரவு ஒன்பது மணிக்கு 80இல் கிடைப்பதையும் 40இல் கிடைப்பதையும் ஒரு வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் அளந்து காட்டுங்கள்.

அதே நாளில் கெஸ்ட் பெயர்களை அணையுங்கள், 2.4இன் ஒலிபரப்பு பலத்தைப் பாதியாக்குங்கள். சங்கத்தின் சிசிடிவி கேமராக்கள் வைஃபையில் ஓடினால் அவற்றைக் கேபிளுக்கு மாற்றுவது சங்கத்தின் பொறுப்பு. இரவும் பகலும் நிற்காமல் பேசுவது அவைதான்.

தடங்கல் எங்கே வரும் என்றும் சொல்லிவிடுகிறோம். சில கம்பெனிகள் தரும் ரவுட்டரில் சேனல் பக்கம் பூட்டியிருக்கும். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துச் சேனல் எண்ணைச் சொன்னால் அங்கிருந்தே மாற்றித்தருவார்கள். கம்பெனி தொலைவிலிருந்து மென்பொருளைப் புதுப்பித்த பிறகு சேனல் ஆட்டோவுக்குத் திரும்புவதும் உண்டு. ரீசெட் பட்டனை அழுத்தினாலும் அப்படியே. ஆகவே ஒதுக்கிய எண்களை ஒவ்வொரு ரவுட்டரின் மேலும் ஒட்டிவையுங்கள். மாதம் ஒருமுறை ஒருவர் போனில் அனலைசரைத் திறந்து ஆறு மாடிப் படியும் ஏறி இறங்கினால் யார் வீடு விலகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பெயர்களை வைத்து வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமம் என்பதால் வைஃபை பெயரின் முடிவில் பிளாட் எண்ணைச் சேர்க்க விரும்புபவர்கள் சேர்க்கலாம்; கட்டாயப்படுத்த வேண்டாம். புதிதாகக் குடிவருபவர்களுக்குத் தண்ணீர் நேரம், குப்பை நேரம் எழுதிய தாளிலேயே அந்த வீட்டுக்குரிய இரண்டு சேனல் எண்களையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.